11,000 பவுண்டு இழுக்கும் வண்டியும் கதவோரத்து ஸ்டிக்கரும்

(நமது சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்கா போய்வந்ததைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நயாகராவும் சுதந்திர தேவி சிலையும் இந்த ஹாலுக்குப் பலமுறை வந்துபோய்விட்டன. ஆகவே நான் ஒரு வண்டியைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். பிக்கப் டிரக் என்று சொல்கிறார்களே, அது. நம்மில் பாதிப்பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ அங்கே இருக்கிறார்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு அந்த வண்டியின் பின் சீட்டில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள். பின்னால் ஒரு டிரெய்லரும் கட்டியிருந்தால் நான் சொல்லப்போகிற கணக்கு உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குட்டியானை. வீடு மாற்றும்போது கூப்பிடுவோம், பீரோவையும் கட்டிலையும் ஏற்றுவோம், வாடகை பேசுவோம், அத்தோடு சரி. அங்கே பிக்கப் என்பது குடும்ப வண்டி. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா என்று பல பெயர்கள். உள்ளே ஐந்து பேர் சௌகரியமாக உட்காரலாம். தோல் சீட், பெரிய திரை, ஏ.சி. எல்லாம் உண்டு. பின்பக்கம் மட்டும் திறந்த தொட்டி. நான்கு கதவு வைத்த எஃப்-150 ஏறக்குறைய 5.9 மீட்டர் நீளம். நம் வளாகத்தில் ஒரு காருக்குக் கோடு போட்ட இடம் ஐந்து மீட்டர். அந்த வண்டியை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் முக்கால் மீட்டருக்கு மேல் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிங் கமிட்டிக்கு வரும் புகார்கள் போதும், அது வேறு வேண்டாம்.

அந்த ஊரில் இது இவ்வளவு பரவியதற்கு ஒரு வரி விவகாரமும் காரணம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி மீது ஐரோப்பியர்கள் வரியை உயர்த்தினார்கள். பதிலடியாக, 1964லிருந்து இறக்குமதியாகும் இலகுரக டிரக்குகளுக்கு 25 சதவீதம் வரி போட்டது அமெரிக்க அரசு. கோழி வரி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. கூடவே வரி போட்ட மற்ற சாமான்களுக்கு அது பின்னால் நீங்கியது. டிரக்குக்கு மட்டும் நீங்கவில்லை. வெளிநாட்டுப் போட்டி குறைந்ததில் உள்ளூர் கம்பெனிகளுக்கு டிரக் நல்ல லாபமான சரக்காகிவிட்டது. ஃபோர்டின் எஃப் வரிசை 1977லிருந்து அந்த நாட்டில் அதிகம் விற்கும் டிரக்காக இருந்து வருகிறது.

எங்கள் மகள் டெக்ஸாஸ் மாநிலத்தில் டல்லாஸுக்குப் பக்கத்தில் பிரிஸ்கோ என்ற ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளை ஒரு பிக்கப் வாங்கியிருந்தார். கம்பெனி பெயர் இங்கே அவசியமில்லை. அரை டன் வகை என்று சொல்வார்கள். அது பழைய காலத்துப் பெயர். உண்மையில் அரை டன்னுக்கு மேல் தாங்கும். அதற்கு மேலே முக்கால் டன், ஒரு டன் என்று பெரிய வகைகளும் உண்டு.

நாங்கள் போய் இறங்கிய வாரமே மாப்பிள்ளை சொன்னார். "மாமா, ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கப் போறேன். அத்தையும் நீங்களும் இருக்கும்போதே எல்லாருமா கொலராடோ மலைக்குப் போய்ட்டு வந்துடலாம்." டிராவல் டிரெய்லர் என்றால் சக்கரம் வைத்த சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர் டாங்க் எல்லாம் உள்ளே இருக்கும். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டியது. அவர் பார்த்து வைத்திருந்த டிரெய்லர் சாமான்களோடு சேர்த்து 7,000 பவுண்டு வரும். நம் கணக்கில் 3,175 கிலோ.

டிரக் விற்றவர் இந்த வண்டி 11,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லியிருக்கிறார். விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. 11,000 இழுக்கிற வண்டிக்கு 7,000 என்ன கனம் என்பது மாப்பிள்ளையின் கணக்கு. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவனுக்கு ஒரு பழக்கம். பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கடைசியில்தான் படிப்பேன். அந்த வண்டியின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடுகிற தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும், டயர் காற்றழுத்தம் போட்டிருக்கும். அதிலேயே ஒரு வரி: ஆட்களும் சாமான்களும் சேர்ந்த எடை இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது. மாப்பிள்ளை வண்டியில் அந்த எண் 1,520. இதைப் பேலோடு என்கிறார்கள்.

இரண்டு எண்களுக்கும் என்ன உறவு? நம் கூட்டத்தில் வியாபாரம் செய்தவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குச் சட்டென்று புரியும். கேஷ் கிரெடிட் கணக்கில் வங்கி பத்து லட்சம் லிமிட் கொடுத்திருக்கும். அதனால் பத்து லட்சமும் எடுத்துவிட முடியுமா? முடியாது. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கவேண்டும், அதை வைத்து டிராயிங் பவர் போடுவோம். அது ஆறு லட்சம் என்றால் ஆறு லட்சம்தான். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. 11,000 பவுண்டு என்பது லிமிட். 1,520 பவுண்டு என்பதிலிருந்து வருவது டிராயிங் பவர்.

டிரெய்லர் பின்னால் தனிச் சக்கரத்தில்தானே ஓடுகிறது, அதன் பாரம் டிரக் மேல் எப்படி வரும் என்று கேட்பீர்கள். டிரெய்லரின் முன்மூக்கு டிரக்கின் பின்னால் இருக்கும் ஒரு இரும்புக் குண்டின்மேல் உட்காருகிறது. அந்த மூக்கு கீழ்நோக்கி அழுத்தும் பாரம் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும். அது முழுக்க டிரக்கின் பேலோடில்தான் பற்று எழுதவேண்டும்.

அப்படியானால் சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளி வைத்தால் மூக்குப் பாரம் குறையுமே என்று யாருக்கும் தோன்றும். குறையும். ஆனால் அதுதான் ஆபத்து. மூக்கு இலேசாகிவிட்டால் ஓடும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஸ்வே என்று சொல்கிறார்கள். வேகம் கூடக்கூட ஆட்டம் பெரிதாகி, டிரக்கையும் சேர்த்துத் திருப்பிவிடும். ஆகையால் பத்து சதவீதத்துக்குக் கீழே போகிற குறுக்குவழி கிடையாது.

இனி, ஒரு காகிதத்தில் நான் போட்ட கணக்கு. மாப்பிள்ளை 190 பவுண்டு, மகள் 145, பேரன் 75, நான் 155, என் மனைவி 140. ஆகமொத்தம் 705. டிரெய்லர் மாட்டும் ஹிட்ச் இரும்பு 95. தொட்டியில் ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், விறகு, மடக்கு நாற்காலிகள் 200. கூட்டினால் சரியாக 1,000. 1,520ல் 1,000 போக மீதி 520. டிரெய்லர் 7,000 பவுண்டு, 13 சதவீதம் என்று நடுவாக வைத்தால் மூக்குப் பாரம் 910. கையிருப்பு 520, எடுக்கவேண்டியது 910. 390 பவுண்டு ஓவர் டிராஃப்ட்.

திருப்பியும் போட்டுப் பார்த்தேன். 520 பவுண்டு மூக்குப் பாரத்துக்கு எவ்வளவு டிரெய்லர் தாங்கும்? 4,000 பவுண்டு. 11,000 இழுக்கும் என்று விற்ற வண்டி, எங்கள் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டால் 4,000தான் இழுக்கலாம்.

விளம்பரத்தில் பொய் சொல்லவில்லை. இழுவைத் திறனை அளக்க எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு ஜே2807 என்று ஒரு விதிமுறை வைத்திருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் 11.4 மைல் நீளம் ஏறும் மலைச்சாலைதான் அதன் அளவுகோல். கடும் வெயிலில், ஏ.சி.யை முழுதாகப் போட்டுக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் டிரெய்லரை இழுத்து ஏறவேண்டும். நல்ல கடினமான பரீட்சைதான். ஆனால் அந்த எண்ணைப் போடும்போது வண்டிக்குள் எத்தனை பேர்? ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் ஒருவர், தலைக்கு 150 பவுண்டு. பேரனும் இல்லை, மாமனார் மாமியாரும் இல்லை, விறகும் இல்லை. நாம் குடும்பத்தோடு போகிறவர்கள்.

கணக்கு கையில் இருந்தது. அதைச் சொல்வதுதான் கஷ்டம். ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "அவர் வீட்டுக்கு வந்திருக்கோம். ஆசையா ஏற்பாடு பண்ணிட்டு இருக்கார். நீங்க பாங்க் புத்தியைக் காட்டாதீங்க" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மாப்பிள்ளை வண்டி ஓட்டத் தெரிந்தவர், எனக்கு அந்த ஊரில் லைசென்ஸ்கூட இல்லை. ஆனால் பின் சீட்டில் உட்காரப் போவது பேரன்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது, அந்த ஸ்டிக்கரில் இருக்கிற 1,520 என்ன என்று மட்டும் கேட்டேன். "அது சும்மா மாமா, உள்ள ஏத்தற சாமானுக்கு. இழுக்கறதுக்கு வேற நம்பர்" என்றார். நான் பதில் சொல்லாமல் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு நடைப்பயிற்சிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வண்டியின் கையேட்டை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. சனிக்கிழமை அவரே சொன்னார்: "மாமா, எடை போட்டுப் பார்த்துடலாம், வாங்க."

அங்கே நெடுஞ்சாலை ஓரத்து டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்று எடைமேடை இருக்கிறது. நம் ஊர் அரிசி மண்டி எடைமேடை போலத்தான், ஆனால் தனித்தனித் தட்டுகள். முன் சக்கரம், பின் சக்கரம், டிரெய்லர் சக்கரம் என்று பிரித்துச் சீட்டு தருவார்கள். சில டாலர்கள்தான் கட்டணம். பயணத்துக்கு என்னென்ன எடுத்துப்போவோமோ அத்தனையும் ஏற்றி, நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து எடை போட்டோம். டிரெய்லர் இன்னும் இல்லை. இந்த வண்டி மொத்தமாக 7,050 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. சீட்டில் வந்தது 6,580. மீதி 470. என் காகிதக் கணக்கைவிட 50 பவுண்டு குறைவு. தொட்டிக்கு மாப்பிள்ளை தனியாக ஒரு மூடி வாங்கிப் போட்டிருந்தார், அதன் எடை. ஸ்டிக்கர் எண் என்பது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த நிலை. அப்புறம் நாம் மாட்டுகிற ஒவ்வொன்றும் அதில் கழியும்.

சீட்டு வந்தபிறகு வாக்குவாதம் இல்லை. என்ன செய்யலாம் என்ற பேச்சுதான்.

முதல் வழி, முக்கால் டன் வண்டியாக மாற்றுவது. நான் வட்டிக் கணக்கு போட்டுக் காட்டினேன். அங்கே நல்ல பிக்கப் 60,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். 60,000 டாலர் கடன், 7 சதவீத வட்டி, 72 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 1,023 டாலர். வட்டி மட்டும் 13,650 டாலர். தவணை கனமாக இருக்கிறதே என்று 84 மாதமாக நீட்டினால் மாதம் 117 டாலர் குறையும், ஆனால் மொத்தத்தில் சுமார் 2,400 டாலர் கூடுதலாகக் கட்டவேண்டும். வருஷத்தில் பத்து நாள் டிரெய்லர் இழுப்பதற்காக முந்நூற்றுச் சொச்சம் நாள் பெரிய வண்டிக்குத் தவணையும் பெட்ரோலும் கட்டுவதா?

இரண்டாவது வழி, எங்கள் இருவரையும் மகள் தன் காரில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவது. டிரக்கில் எங்கள் எடை 295, மகள் எடை 145, ஆக 440 பவுண்டு மிச்சம். 470ம் 440ம் 910. என்ன பொருத்தம் பாருங்கள், 7,000 பவுண்டு டிரெய்லருக்கு வேண்டியது துல்லியமாக 910தான். மாப்பிள்ளைக்கு ஒரு நிமிடம் முகம் மலர்ந்தது. ஆனால் ஒரு பவுண்டுகூட மிச்சம் இல்லாத கணக்கு அது. பேரன் ஒரு பை கூடுதலாக எடுத்தால் தாண்டிவிடும். மேலும், "எல்லாரும் ஒண்ணா போறதுக்குத்தானே இந்தப் பயணம்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். சின்ன டிரெய்லர், நிறைய ஏற்றினாலும் 3,500 பவுண்டுக்கு மேல் போகாதது. மூக்குப் பாரம் 455. அதையும் வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுத்தோம். அவர்கள் மூவரும் அதில் படுத்துக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் முகாம் மைதானத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும் மர அறையில் தங்கினோம். கழிப்பறை தனியாகக் கிடைத்ததில் என் மனைவிக்கு மெத்த சந்தோஷம்.

இனி இழுக்கும் விஷயம். மாட்டும்போது ஒரு ஒழுங்கு உண்டு. குண்டின் அளவும் டிரெய்லர் மூக்கின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டு அங்குலக் குண்டு, இரண்டே கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான குண்டு என்று தனித்தனி உண்டு. மூக்கைப் பூட்டியபின் ஆணி போடவேண்டும். இரண்டு சங்கிலிகளையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போட்டு மாட்டவேண்டும். பூட்டு கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டில் தாங்கும். அப்புறம் ஏழு முனை மின் பிளக். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், டிரெய்லரின் மின் பிரேக் எல்லாம் அதன் வழியாகத்தான். கடைசியாக ஒரு மெல்லிய கம்பி. டிரெய்லர் முழுதாகக் கழன்று ஓடினால் அந்தக் கம்பி பிடுங்கிக்கொண்டு டிரெய்லர் பிரேக் தானாகப் பிடிக்கும். டெக்ஸாஸில் 4,500 பவுண்டைத் தாண்டும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். எங்களுடையது அதற்குக் கீழேதான், ஆனாலும் பிரேக் உள்ளதாகவே கேட்டு எடுத்தோம்.

நான் ஒவ்வொன்றாக வாசிக்க, மாப்பிள்ளை கையால் தொட்டுப் பார்த்து "சரி" என்று சொல்வார். வங்கியில் லாக்கர் அறையைப் பூட்டும்போது இரண்டு பேர் சாவி வைத்திருப்போம் இல்லையா, அந்த முறை.

பிரிஸ்கோவிலிருந்து அமரில்லோ வழியாகப் போனோம். அந்தப் பக்கம் ஒரே பொட்டல், பக்கக் காற்று பலமாக அடிக்கும். சாலையில் 75 மைல் போர்டு இருந்தாலும் மாப்பிள்ளை 60ஐத் தாண்டவில்லை. டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு 65 மைல்தான் வரம்பு. ஒருமுறை பெரிய லாரி எங்களைக் கடந்தபோது டிரெய்லர் இரண்டு தடவை ஆடியது. அப்போது செய்யக்கூடாதது மூன்று: டிரக் பிரேக்கை அழுத்தி மிதிப்பது, வேகத்தைக் கூட்டுவது, ஸ்டியரிங்கைத் திருப்பித்திருப்பிச் சமாளிப்பது. மாப்பிள்ளை ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார், டாஷ்போர்டில் இருக்கும் டிரெய்லர் பிரேக் விசையை மட்டும் கையால் மெல்ல அழுத்தினார். பின்னாலிருந்து யாரோ பிடித்து நேராக்கியது போல் டிரெய்லர் அடங்கியது. பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். இரட்டிப்பு எடையுள்ள டிரெய்லரும், பாரம் மிஞ்சிய பின் சக்கரங்களும் இருந்திருந்தால் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாப்பிள்ளை கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார், போதும்.

நியூ மெக்ஸிகோவுக்கும் கொலராடோவுக்கும் நடுவே ராட்டன் கணவாய், 7,834 அடி உயரம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். அந்த வண்டியில் இழுவைக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் கியர் தானே கீழே இறங்கி, எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊட்டி மலையில் இரண்டாவது கியரில் இறங்கு என்பார்களே, அதே விஷயம்தான்.

பெட்ரோல் செலவையும் சொல்லிவிடுகிறேன். சும்மா ஓடினால் கேலனுக்கு 20 மைல் கொடுத்த வண்டி, டிரெய்லர் கட்டியதும் 11 மைல்தான் கொடுத்தது. மின்சார பிக்கப்பில் இழுத்தால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருந்தால் சொல்லிவையுங்கள்.

முடிக்கும் முன் உங்களுக்கு நான்கே விஷயம். ஒன்று, பிள்ளைகள் டிரெய்லர் பேச்சு எடுத்தால் கதவோரத்து ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு, ஆட்கள் எடையை முதலில் கழியுங்கள், நம் எடையையும் சேர்த்து. அதில் வெட்கம் வேண்டாம். மூன்று, டிரெய்லர் விளம்பரத்தில் இருக்கும் காலி எடையை நம்பாதீர்கள். தண்ணீரே கேலனுக்கு 8.3 பவுண்டு. 40 கேலன் டாங்க் நிரப்பினால் 330 பவுண்டு ஏறிவிடும். நான்கு, காகிதக் கணக்கோடு நிற்காமல் எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

மாப்பிள்ளைக்கோ மருமகளுக்கோ புத்தி சொல்வது நம் வேலையில்லை என்பார்கள். சரிதான். எண்களை அவர்கள் முன்னால் வைப்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும். படித்த பிள்ளைகள், பார்த்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை அந்த எடைச் சீட்டை இன்னும் வண்டியின் டாஷ்போர்டு டிராயரில் வைத்திருக்கிறார். போன மாதம் போனில், அவருடைய நண்பர் ஒருவர் டிரெய்லர் வாங்கப்போவதாகவும், அவரையும் எடைமேடைக்குக் கூட்டிக்கொண்டு போனதாகவும் சொன்னார்.

கேள்விகள் இருந்தால் டீ சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.